மளிகைப் பட்டியலும் மனசாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பிலுள்ள பதினான்கு தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து மளிகை வாங்குகிறோம். பட்டியல் போட்டு, விலை விசாரித்து, சாமான் வந்தபின் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு ஆறு ஆண்டுகளாக என்னுடையது. மூட்டை பிரிக்கும் நேரத்தில் எழும் சந்தேகங்கள் மாதாமாதம் அவையேதான் என்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் மருத்துவனோ உணவியல் படித்தவனோ அல்லன். வங்கியில் முப்பது ஆண்டுகள் கடன் பத்திரங்களின் பொடி எழுத்தைப் படித்தவன். அந்தப் பழக்கம் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கவும் உதவுகிறது.

கடையில் நின்றால் தலை சுற்றுகிறது, சார். நல்ல சாமான் எது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாதா?

முடியாது, ஏனென்றால் அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது கலப்படமோ நஞ்சோ இல்லாததா என்பது முதலாவது. கலப்படமே இல்லாவிட்டாலும், நான் சாப்பிடும் அளவில் என் உடம்புக்கு ஆகுமா என்பது இரண்டாவது. இது என் கைக்கு வந்துசேர, மனிதரோ மாடோ மண்ணோ, வேறு யாராவது துன்பப்பட்டிருக்கிறார்களா என்பது மூன்றாவது.

வெள்ளைச் சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டில் வரும் சர்க்கரையில் கலப்படம் அநேகமாக இருக்காது. முதல் கேள்வியில் தேறிவிடும். நீரிழிவு உள்ளவர் வீட்டில் இரண்டாவதில் தோற்கும். மூன்றாவதுக்கு வரும்போது, மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பலர், மாதவிலக்கால் வேலைநாள் போய்விடக் கூடாதென்று கருப்பையையே அகற்றிக்கொண்டிருந்த செய்தி 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது நினைவுக்கு வரும். ஒரே சாமானுக்கு மூன்று பதில்கள். இவற்றைக் கலந்து கேட்பதால்தான் தலை சுற்றுகிறது.

பாக்கெட்டில் முதலில் எதைப் படிக்க வேண்டும்?

முன்பக்கத்தைப் படிக்கவே வேண்டாம், அது விளம்பரம். பின்பக்கம் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமானது முதலிலும் குறைந்தது கடைசியிலுமாக இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். சென்ற மாதம் ஒரு வீட்டுக்காக நான் எடுத்துப் பார்த்த ராகி பிஸ்கட்டில் மைதா முதலிடத்திலும், சர்க்கரை இரண்டாமிடத்திலும், பாமாயில் மூன்றாமிடத்திலும் இருந்தன; அட்டை முழுக்கக் கதிர்ப் படம் போட்டிருந்த ராகி நான்காவதாக வந்து நின்றது.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் பதினான்கு இலக்க எண்ணைப் பலர் தர முத்திரையாக நினைக்கிறார்கள். அது தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்பதை மட்டும் சொல்லும். வங்கிக் கணக்கு எண் இருப்பதால் ஒருவர் நாணயமானவர் என்று ஆகிவிடாது.

பச்சைப் புள்ளி இருந்தால் சுத்த சைவம்தானே?

சட்டத்தின் கணக்கில் சைவம், உங்கள் கணக்கில் எப்படியோ. விலங்குகளிலிருந்து கிடைத்தாலும் பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்குப்பூச்சி சுரக்கும் அரக்கு ஆகியவற்றைச் சட்டம் அசைவமாகக் கருதுவதில்லை. முட்டையை அசைவமாகக் கருதுகிறது. முட்டை சேர்த்த கேக்கில் பழுப்பு முக்கோணம் இருப்பதும், மினுமினுப்புக்கு அரக்கு பூசிய மிட்டாயில் பச்சைப் புள்ளி இருப்பதும் இதனால்தான்.

உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான ஐ.என்.எஸ். 471 போன்ற குறியீட்டு எண்களைக் கண்டு பதறுபவர்கள் உண்டு. அந்தப் பொருளைத் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் விலங்கிலிருந்து எடுத்ததைச் சேர்த்துவிட்டுப் பச்சைப் புள்ளி போடுவது குற்றமாகும். பாலும் தேனும்கூட வேண்டாம் என்பவர்களுக்கு, 2022-ஆம் ஆண்டின் வீகன் உணவு விதிமுறைகளின்படி தனிச் சின்னம் வந்துள்ளது; இலையுடன் கூடிய ‘வி’ எழுத்தைத் தேடுங்கள்.

‘ட்ரான்ஸ் ஃபேட் பூஜ்யம், கொலஸ்ட்ரால் பூஜ்யம்’ என்று போட்டிருக்கிறதே, தாராளமாகச் சாப்பிடலாமா?

எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும், இதயத்துக்குக் கெடுதலான ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து எல்லோருக்குமே பொருந்துகிறது. ஆகவே அதில் ஒருவர் தனியாகப் பெருமை கொள்ள அதிகம் இல்லை. கொலஸ்ட்ரால் எந்தத் தாவர எண்ணெயிலும் பொருட்படுத்தத்தக்க அளவில் இருப்பதில்லை. இட்லியில் எலும்பு இல்லை என்று விளம்பரம் செய்வது போன்றது இது. நீங்கள் பார்க்க வேண்டியது, ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ எனப்படும் நிறைவுற்ற கொழுப்பின் அளவையும், அந்த அளவு எத்தனை கிராமுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும்தான்.

நாங்கள் சமையலில் உப்பைக் குறைத்துவிட்டோம். ஆனாலும் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லையே?

காரணத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என்னால் கணக்கு மட்டும் போட்டுக் காட்ட முடியும். பாக்கெட்டில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும்; அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராம் மிக்சரில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால், அதில் 2 கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சாம்பாரில் நீங்கள் மிச்சம் பிடித்ததை அப்பளமும் ஊறுகாயும் மாலை மிக்சரும் செலவழித்துவிடுகின்றன.

சோடியம் குறைந்த உப்பை யாரையும் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்தாக முடியலாம்.

சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் போட்டால் உடம்புக்கு நல்லதுதானே?

வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்புகள் இருக்கின்றன, வாசனை இருக்கிறது, அது இல்லாமல் பொங்கலே இல்லை. ஆனால் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் பங்காளிகள்தாம். ‘வெல்லம்தானே’ என்று காபியில் கூடுதலாக ஒரு கரண்டி போட்டுக்கொள்பவர்களுக்கு லாபத்தைவிட நஷ்டமே அதிகம். நிறத்தை மட்டும் கவனியுங்கள்: பளிச்சென்ற வெளிர்மஞ்சள் வெல்லம், கடைக்காரர்கள் ஹைட்ராஸ் என்று சொல்லும் ரசாயனத்தால் வெளுக்கப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். மண்டியா அச்சு வெல்லத்தில் கறுத்ததாகப் பார்த்து நாங்கள் எடுக்கிறோம்.

ஆர்கானிக் என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். நம்பலாமா, நம்பினாலும் வாங்கத்தான் வேண்டுமா?

நம்புவதற்கு வழி இருக்கிறது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் இயற்கை விளைபொருளில் ‘ஜைவிக் பாரத்’ சின்னம் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் மூன்றாம் தரப்புச் சான்றிதழோ, விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சோதித்துத் தரும் சான்றிதழோ இருக்கும். சிறு விவசாயி தானே நேரில் கொண்டுவந்து விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை. அங்கே நீங்கள் நம்புவது அந்த மனிதரை.

வாங்கத்தான் வேண்டுமா என்பது கடினமான கேள்வி. ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான், ஆர்கானிக் மைதாவும் மைதாதான். இரண்டாவது கேள்விக்கு அந்தச் சொல் பதிலாகாது. முதல் கேள்விக்குப் பாதிப் பதில் ஆகும். என்னை அசைத்தது மூன்றாவது கேள்விதான். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்த எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தால் பாதிக்கப்பட்டவர்கள் முந்திரிப் பருப்பை வாங்கித் தின்றவர்கள் அல்லர். அந்தத் தோட்டங்களின் ஓரத்தில் வீடு கட்டிக் குடியிருந்தவர்களும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளும். உச்ச நீதிமன்றம் அதை 2011-ஆம் ஆண்டில்தான் தடைசெய்தது. பூச்சிமருந்தின் முதல் பங்கு தெளிப்பவருடைய நுரையீரலுக்குப் போகிறது, நம் தட்டுக்கு வருவது மிச்சம்தான் என்று புரிந்த பிறகு, துவரம்பருப்பையும் மிளகாயையும் மட்டும் இயற்கை விவசாயிகளிடமிருந்து எடுக்கத் தொடங்கினேன். எல்லாவற்றையும் அப்படி எடுக்க என் ஓய்வூதியம் இடம் கொடுக்காது.

சொப்பு எல்லாம் சாக்கடைத் தண்ணீரில் விளைகிறதாமே? உப்புத் தண்ணீரில் கழுவினால் போதுமா?

கீரையைச் சொப்பு என்று சொல்லும் அளவுக்கு இந்த ஊர்க்காரர்களாகிவிட்ட நமக்கு இந்த ஊரின் தண்ணீரும் தெரிந்திருக்க வேண்டும். நகரத்தின் கழிவுநீரையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்துகொண்டு விருஷபாவதி ஆறு பிடதி அருகே பைரமங்கலா ஏரிக்குப் போகிறது; அந்த நீர் அங்கே பாசனத்துக்கும் பயன்பட்டு வந்திருக்கிறது. நுரை மிதக்கும் அந்த ஏரியை ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்குப் பிறகு எந்தக் கீரைக்கட்டைக் கண்டாலும் ஒரு தயக்கம் வரும்.

இதில் இரண்டு வகை ஆபத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிருமிகளும் புழு முட்டைகளும் இலையின் மேல் இருப்பவை. ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நன்றாக வேகவைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் வேர்வழியாக இலைக்குள்ளேயே ஏறியிருப்பவை. உப்புத் தண்ணீரோ மஞ்சள் தண்ணீரோ புளித்தண்ணீரோ அவற்றை எடுக்காது. ஆகவே கழுவுவதைவிட, எங்கே விளைந்தது என்று கேட்பது முக்கியம்.

அல்சூர் மார்க்கெட் வாசலில் சாக்கு விரித்து உட்காரும் அம்மா ஒருவர், நான் கேட்டால் கீரைக்கட்டைத் தலைகீழாகத் திருப்பி வேரைக் காட்டுவார். “செம்மண்ணு பாருங்கண்ணா, ஹொசகோட்டெ பக்கம். இந்தத் தண்டுக்கீரை மட்டும் எங்கேன்னு தெரியாது, ஏலத்துல எடுத்தது” என்று அவரே பிரித்துச் சொல்லிவிடுவார். வேரிலுள்ள மண் எதையும் நிரூபிக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வியாபாரிதான் எனக்கு நிரூபணம். அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள், 1959-ஆம் ஆண்டில் திராட்சை விவசாயிகளின் சங்கமாகத் தொடங்கி இன்றும் நடந்துவரும் ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் கடைகளில் விசாரித்து வாங்கலாம். ஒரே கீரையை ஒரே இடத்தில் தினமும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவதும் ஒரு காப்பு.

மாம்பழத்தில் ‘கல்’ வைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

காயை வேகமாகப் பழுக்கவைக்கும் கார்பைட் கல்லுக்கு நாடு முழுவதும் தடை உண்டு. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகள் இருக்கலாம். எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவில் பயன்படுத்த அனுமதி உண்டு, அது பழமே இயற்கையில் உண்டாக்கும் வாயு. மேலெல்லாம் ஒரே மஞ்சளாக இருந்து, காம்பருகே மூக்கை வைத்தாலும் வாசனையே வராவிட்டால் சந்தேகப்படுங்கள். அதைவிட எளிது, ஏப்ரல் தொடக்கத்தில் அவசரப்படாமல் மே வரை பொறுப்பது.

ரேஷன் அரிசியைக் கழுவினால் சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசிதானே?

இல்லை. அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து அரிசி வடிவத்தில் பிழிந்தெடுத்து, நூறு கிராம் அரிசிக்கு ஒரு கிராம் வீதம் சேர்க்கப்பட்டவை. ரேஷன் அரிசி முழுவதும் 2024 மார்ச்சுக்குள் இவ்வாறு மாற்றப்பட்டது. நிறமும் எடையும் சற்று வேறாக இருப்பதால் மிதக்கலாம். பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறீர்கள். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மரச்செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 220 ரூபாய்க்குத் தருகிறார் ஒருவர். எடுத்துவிடலாமா?

எடுக்கும் முன் ஒரு காகிதமும் பேனாவும் எடுங்கள். செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் இறங்க ஏறக்குறைய இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ வேர்க்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பருப்புக்கு மட்டுமே 315 ரூபாய்க்குக் குறையாது. பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்கூலி, கரண்ட், பாட்டில் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். 220 ரூபாய்க்குத் தருபவர் தர்மம் செய்ய வேண்டும், அல்லது வேறு எண்ணெய் கலக்க வேண்டும். பாக்கெட்டில் அடைத்த கலப்பு எண்ணெய் சட்டப்படியே கிடைக்கிறது, ஆனால் அதன் அட்டையில் எது எத்தனை சதவீதம் என்று இருக்கும். உதிரியாக அளந்து ஊற்றும் எண்ணெயில் அந்த விவரம் இருக்காது. அப்படி விற்பதே கூடாது என்பது விதி.

செக்கெண்ணெய் என்றாலே அமிர்தம் என்ற எண்ணத்துக்கும் ஒரு மறுப்பு உண்டு. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ஆலையில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடும், செக்கில் நீங்காது. எனவே செக்குக்காரரிடம் எண்ணெயைப் பார்க்காமல் கடலை மூட்டையைப் பாருங்கள். சுருங்கியதும் கறுத்ததும் பொறுக்கி எடுக்கப்பட்டிருந்தால் வாங்கலாம்.

காடு அழிகிறது என்பதால் பாமாயிலை அடியோடு நிறுத்திவிட்டேன். சரிதானே?

இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் எண்ணெய்ப்பனைக்காகப் பெரும் மழைக்காடுகள் அழிந்தன என்பதும், உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா என்பதும் உண்மை. ஆனால் சிக்கல் இருக்கிறது. ஒரு ஏக்கர் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயைச் சோயாவிலோ சூரியகாந்தியிலோ எடுக்க அதைப் போல் பல மடங்கு நிலம் வேண்டும். எல்லோரும் எண்ணெயை மாற்றினால் வேறு எங்கோ காடு போகலாம். தவிர, பாட்டிலில் நிறுத்தியவர்கள் பிஸ்கட்டிலும் சிப்ஸிலும் அதையே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் பதிலில் சொன்ன பிஸ்கட்டின் மூன்றாமிடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மொத்த எண்ணெய்ச் செலவைக் குறைப்பது காட்டுக்கும் இதயத்துக்கும் ஒருசேர நல்லது; மூன்று கேள்விகளில் இரண்டுக்கு ஒரே பதில் கிடைக்கும் அபூர்வமான இடம் இது.

பழுப்பு முட்டை வாங்கினால் கோழிக்கும் நல்லது, நமக்கும் நல்லதா?

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு ஓட்டுக்குள் கூடுதல் சத்தும் இல்லை, கோழிக்குக் கூடுதல் சுதந்திரமும் இல்லை. நாமக்கல்லிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ வரும் சாதாரண முட்டைகள் பெரும்பாலும் கூண்டுக் கோழிகளுடையவை. அந்தக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைப்பது பொதுவாக ஒரு ஏ4 தாளைவிடக் குறைந்த இடம். கூண்டில்லாப் பண்ணை முட்டையில் இந்தக் குறை தீரும், ஆனால் முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடும் வழக்கம் அங்கேயும் தீர்வதில்லை. இதைத் தெரிந்துகொண்டு வாங்குபவரையும், தெரிந்து நிறுத்திவிடுபவரையும் நான் மதிக்கிறேன். என் வீட்டில் எண்ணிக்கையைக் குறைத்து, கூண்டில்லா முட்டைக்கு மாறினோம்.

ஏ2 பால் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். அதில் என்ன அப்படி?

பாலிலுள்ள ஒரு புரதத்தின் இரண்டு வகைகள்தான் ஏ1, ஏ2; இரண்டுக்கும் ஒரு சிறிய வேறுபாடு இருப்பது உண்மை. அது உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் செய்யும் என்பது உறுதிப்படவில்லை. ஏ1, ஏ2 என்று போடக் கூடாதென்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டு, ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கொழுப்பைப் பார்த்து வாங்குவதே பயனுள்ளது: டோன்டு பாலில் 3 சதவீதம், டபுள் டோன்டில் 1.5, ஃபுல் கிரீமில் 6.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதில் கூடவா தப்பு கண்டுபிடிப்பீர்கள்?

கால் முடியாதவர்களுக்கும், கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் அது வரம். அதைக் குறைசொல்ல மாட்டேன். கொத்தமல்லி மறந்துபோனதற்காக, மழையில் அல்சூர் சிக்னலைத் தாண்டி ஒரு பையன் வண்டியை விரட்டிக்கொண்டு வருவது வேறு. இத்தகைய தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புக்காகக் கர்நாடகம் 2025-ஆம் ஆண்டில் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. நம்மால் ஆவது, நான்கு முறை கேட்பதை ஒரே முறையாகச் சேர்த்துக் கேட்பதும், அவசரமில்லை என்று சொல்வதும், லிஃப்டை அவருக்கும் திறந்துவிடுவதும். எங்கள் கட்டடத்தில் அந்தக் கடைசி விஷயத்துக்கே இரண்டு கூட்டம் போட வேண்டியிருந்தது.

இதெல்லாம் காசிருப்பவர்கள் பார்க்கும் விஷயம் இல்லையா, அண்ணா?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் தங்கை கேட்ட கேள்வி இது. செக்கெண்ணெய், கூண்டில்லா முட்டை, ஜைவிக் பாரத் ஆகியவற்றுக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அவர் வீட்டுப் பட்டியலை வாங்கிப் பார்த்தபோது, நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்துள்ள ராகி மாவும், ரேஷன் அரிசியும், பருவத்தில் அவரைக்காயும் இருந்தன. பாக்கெட் என்று பார்த்தால் பிள்ளைக்கான சத்துமாவு பானம் ஒன்றுதான். அதில் சர்க்கரை எத்தனையாவது இடம் என்று இருவரும் சேர்ந்து படித்தோம். மறுமாதம் அதை நிறுத்திவிட்டு அந்தக் காசுக்கு வேர்க்கடலை வாங்கினார். வசதியில்லாதவர்மேல் மூன்றாவது கேள்வியைச் சுமத்துவது அநியாயம். அதை நூறு ரூபாய் காபி குடிக்கும் எங்களைப் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மனைவி வீகனாகிவிட்டாள். அம்மாவுக்குத் தயிர்சாதம் இல்லாமல் ஒருவேளை கழியாது. ஒரே அடுப்பில் இரண்டு கொள்கையை எப்படி நடத்துவது?

முதலில் உடம்பு. வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைக்காது. உங்கள் மனைவி மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, ஒருவருடைய நெறி அவருடைய தட்டுக்குச் செல்லும், எண்பது வயதுக்காரரின் தட்டுக்குச் செல்லாது. குழந்தையின் தட்டு யாருடையது என்பதில்தான் சண்டை வரும். அதை இருவரும் உட்கார்ந்து பேசுங்கள், மளிகைப் பட்டியல் அதைத் தீர்க்காது.

எங்கள் பதினான்கு வீடுகளில் ஒன்றில் இதே நிலைமை வந்தது. அந்த மருமகள் வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு உறைய வைத்தார். மாமியார் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டு, தயிர் என்று சொல்லாதே, மோர்க்குழம்புக்கு ஆகும் என்றார். இப்போது அந்த வீட்டுக்கு நான் மாதம் இரண்டு கிலோ கடலை கூடுதலாக எழுதுகிறேன். காலையில் நந்தினி பால் பாக்கெட் ஒன்று வருவதும் நிற்கவில்லை.